கட்டி வைத்திருக்கும் படகில் சிலந்தி குடியேறாமல் பார்த்துக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோ, ஸ்காபரோ பக்கம் ஒன்ராறியோ ஏரியில் படகு கட்டி வைத்திருப்பவர்களுக்கு ஜூன் பிறந்தால் ஒரே புலம்பல்தான். கிழமை முழுக்க வேலை, சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மரினாவுக்கு, அதாவது படகுகள் கட்டி வைக்கும் துறைக்கு, வந்தால் கைப்பிடிக் கம்பி எல்லாம் வலை, வெள்ளைத் தளம் எல்லாம் கரும்புள்ளி. ஏரிக்குள் போக வேண்டிய இரண்டு மணி நேரம் கழுவுவதில் போய்விடும்.

புதிதாகப் படகு வாங்கியவர்களில் பெரும்பாலானோர் கடைக்குப் போய் ஒரு ஸ்பிரே வாங்கி வந்து அடிப்பதில்தான் தொடங்குகிறார்கள். அடுத்த கிழமை சிலந்திகள் திரும்ப அங்கேயே இருக்கும். இந்த வழிகாட்டியில் ஸ்பிரே கடைசிக்கு முந்திய படிகளில்தான் வருகிறது, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். சிலந்தி உங்கள் படகைத் தேடி வரவில்லை, சாப்பாட்டைத் தேடி வருகிறது. அந்தச் சாப்பாடு வெளிச்சத்தைத் தேடி வருகிறது. அதனால் வெளிச்சத்தில் தொடங்கினால்தான் மற்ற வேலைகளுக்குப் பலன் இருக்கும்.

கீழே சொல்வது 20 முதல் 30 அடி வரையான ஃபைபர்கிளாஸ் படகை மனதில் வைத்து எழுதியது. பாய்மரமோ மோட்டாரோ, வரிசை ஒன்றுதான்.

1. முதலில் எந்தச் சிலந்தி என்று பாருங்கள்

இந்த ஏரிக்கரைகளில் படகைப் பிடிக்கும் சிலந்தி பெரும்பாலும் பாலச் சிலந்தி. அறிவியல் பெயர் லாரினியோயிடிஸ் ஸ்க்ளோபெற்றேரியஸ். சாம்பலும் மண்ணிறமும் கலந்த உடல், முதுகில் கருமையான கோலம், உடம்பு மட்டும் 1 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. சக்கரம் போன்ற வலை கட்டும். பாலங்கள், கட்டடங்கள், படகுகள் என்று தண்ணீருக்குப் பக்கத்தில் மனிதர் கட்டிய எதிலும் கூட்டமாக வாழும். கூட்டம் என்றால் ஒரே கம்பியில் வரிசையாகப் பத்துப் பதினைந்து வலை.

இன்னொன்று தோணித்துறைப் பலகைகளுக்கு அடியில் இருக்கும் மீன்பிடிச் சிலந்தி. கால்களை விரித்தால் உள்ளங்கையை நிறைக்கும், அதைப் பார்த்துத்தான் ஆட்கள் அலறுவார்கள். உண்மையில் உங்கள் படகை ஊத்தையாக்குவது இது இல்லை. வலை கட்டி இரைக்குக் காத்திருக்காது, ஓடித் திரிந்து வேட்டையாடும். குஞ்சுகளைப் பாதுகாக்க மட்டும் ஒரு கூடாரம் மாதிரி வலை பின்னும்.

ஏன் இதை முதலில் பார்க்க வேண்டும்? பாலச் சிலந்திக்கு வெளிச்சமும் பூச்சியும் முக்கியம், மீன்பிடிச் சிலந்திக்குக் கயிறும் இடுக்கும் முக்கியம். முதலாவதற்கு 3ஆம் படியிலிருந்து 7ஆம் படி வரை வேலை செய்ய வேண்டும். இரண்டாவது மட்டும்தான் என்றால் நேரே 8ஆம் படிக்குப் போகலாம்.

இரண்டும் மனிதருக்கு ஆபத்தானவை அல்ல. கையில் வைத்து நசித்தால் கடிக்கலாம், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைக்காதீர்கள், பிறகு படகில் ஏறவே மாட்டார்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

- தலையில் மாட்டும் ரோர்ச் லைட். இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும்.
- பற்றரியில் ஓடும் வக்யூம், பிரஷ் முனையோடு. மின்கம்பியில் ஓடும் வக்யூமைத் தண்ணீருக்கு மேல் கொண்டு போக வேண்டாம், விழுந்தால் உயிர்ச் சேதம்.
- நீண்ட கம்பில் பொருத்திய மென்மையான பிரஷ். வீட்டில் ஒட்டறை அடிக்கும் தடியும் போதும், ஆனால் முன்பு சுவரில் தேய்த்ததாக இருக்கக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் மணல் படகின் மினுக்கத்தைக் கீறும்.
- வாளி இரண்டு. ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர்.
- வெள்ளை வினாகிரி, பழைய துவாய்கள், மைக்ரோஃபைபர் துணி.
- படகு மெழுகு.
- உயிர்காப்பு அங்கி. இதைக் கடைசியாகச் சொன்னதால் கடைசியாக நினைக்க வேண்டாம்.

அங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. முக்கியமான வேலை இருட்டிய பிறகு நடக்கும், ஈரத் தளத்தில், மேலே பார்த்துக்கொண்டு. மே மாதத்தில் வெளியே வெயில் அடித்தாலும் ஏரித் தண்ணீர் உறையக் குளிராகத்தான் இருக்கும். விழுந்தவுடன் மூச்சு திணறும், நீந்தத் தெரிந்தவருக்கும்தான். தனியாகப் போகாதீர்கள்.

3. வெளிச்சத்தைக் குறையுங்கள்

ரொறன்ரோ ஏரிக்கரையில் மே மாதம் புகைபோல எழும் பூச்சிக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நுளம்பு மாதிரி இருக்கும், கடிக்காது. ஏரியின் அடிச்சேற்றில் புழுவாக வளர்ந்து, மேலே வந்து, இறக்கை முளைத்து, சில நாள் மட்டுமே வாழும். அந்தச் சில நாளில் இரவு வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே போய் மொய்க்கும். பாலச் சிலந்திக்கு இதுதான் பந்தி.

சிலந்தி பூச்சிக்குப் பின்னால் போகிறது என்பதோடு கதை முடியவில்லை. வியன்னாவில் ஒரு நடைபாலத்தில் இதே இனத்தை வைத்துச் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. விளக்கு எரியும் கைப்பிடியில்தான் சிலந்திகள் கூட்டமாக வலை கட்டின. முன்பு விளக்கு வெளிச்சத்தில் இரை பிடித்துப் பழகாத, ஆய்வுகூடத்தில் வளர்த்த சிலந்திகளும் வெளிச்சமான இடத்தையே தேர்ந்தெடுத்தன. அதாவது உங்கள் படகில் இன்று பூச்சியே இல்லாவிட்டாலும் விளக்கு எரிந்தால் சிலந்தி வந்து இடம் பிடிக்கும்.

செய்ய வேண்டியது இது.

இரவில் ஒருமுறை மரினாவுக்குப் போய், உங்கள் படகின் மேல் எந்தெந்த வெளிச்சம் விழுகிறது என்று பாருங்கள். பகலில் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் சொந்த விளக்குகளை அணையுங்கள். ஆள் இல்லாத படகில் உள்ளே ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கள்ளன் வரமாட்டான் என்று விட்டுவிடுவார்கள். கள்ளன் வருகிறானோ இல்லையோ, சிலந்தி வரும். துறையில் கட்டியிருக்கும் படகில் நங்கூர விளக்கும் எரிய வேண்டியதில்லை. வெளியே குடாவில் நங்கூரம் போட்டு நின்றால் அது கட்டாயம், அப்போது அணைக்கக் கூடாது. அழகுக்காகத் தண்ணீருக்கடியில் எரியும் நீல விளக்கு, கம்பியில் சுற்றிய சூரிய ஒளி விளக்குச் சரம், இரண்டையும் படகில் ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சூரிய ஒளிச் சரத்துக்கு அணைக்கும் பொத்தான் இருந்தும் பலர் அதைத் தொடுவதே இல்லை, பொழுதுபட்டால் தானாக எரியும்.

அணைக்க முடியாத விளக்குக்கு மின்குமிழை மாற்றுங்கள். பூச்சிகளை அதிகம் இழுப்பது நீலமும் புற ஊதாவும் கலந்த குளிர்ந்த வெள்ளை வெளிச்சம். மஞ்சள் கலந்த எல்ஈடி, பெட்டியில் 2700 கெல்வின் அல்லது அதற்குக் குறைவாகப் போட்டிருப்பது, குறைவாக இழுக்கும். அறவே இழுக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விளக்குக்கு மேல் மூடி போட்டு வெளிச்சத்தைக் கீழே மட்டும் விழச் செய்தால் இன்னும் நல்லது.

துறையில் மரினா வைத்திருக்கும் விளக்கை நீங்களாக மூடவோ கழற்றவோ கூடாது. இரவில் நடப்பவரின் பாதுகாப்புக்காக வைத்தது. அலுவலகத்தில் கேளுங்கள், உங்கள் பக்கம் மறைப்பு போட, அல்லது மஞ்சள் குமிழ் போடச் சம்மதிப்பார்கள். பக்கத்துப் படகுக்காரரிடமும் பேச வேண்டிவரும். அவருடைய விளக்கு உங்கள் கம்பியில் விழுந்தால் உங்கள் வேலை பாதி வீண். “அண்ணை, போகும்போது லைட்டை நூர்த்துவிட்டுப் போங்கோ” என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. இவர் நம்மவர் இல்லையென்றால், உங்கள் தளத்துப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், பேச்சே தேவைப்படாது.

அடுத்த பருவத்துக்கு இடம் கேட்கும்போது விளக்குத் தூணிலிருந்து தள்ளி, கூரையில்லாத, காற்றுப் படும் இடமாகக் கேளுங்கள். கூரைபோட்ட படகுக் கொட்டகை வெயிலுக்கு நல்லது, சிலந்திக்கு அதைவிட நல்லது.

4. இருட்டிய பிறகு சிலந்தியை எடுங்கள்

சனிக்கிழமை காலையில் தடியோடு நின்று வலைகளை அடித்துத் தள்ளுபவர்களை எந்தத் துறையிலும் பார்க்கலாம். வலை போய்விடும். சிலந்தி போகாது. பகலில் அது வலையில் உட்காருவதில்லை. கைப்பிடியின் அடிப்பக்கம், துணிக் கூரையின் மடிப்பு, விளக்கின் பின்பக்கம் என்று எங்காவது பதுங்கியிருக்கும். பொழுதுபட்டதும் இறங்கி, புதிய வலை கட்டி, நடுவில் உட்கார்ந்துகொள்ளும். வலை அதற்குப் பெரிய நட்டமில்லை. ஒரு இரவில் கட்டிவிடும்.

ஆகவே சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். தலை லைட்டைப் போட்டு, மேலிருந்து கீழே, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் என்று ஒரே திசையில் சுற்றி வாருங்கள். இஷ்டத்துக்கு அங்குமிங்கும் போனால் எந்தக் கம்பியைப் பார்த்தோம் என்பது மறந்துவிடும்.

எடுக்கும் விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வலை அதிர்ந்தால் சிலந்தி ஒரு நூலில் தொங்கி நேரே கீழே விழும், கொஞ்ச நேரத்தில் அதே நூலில் ஏறி வரும். எனவே வக்யூம் முனையை முதலில் சிலந்திக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கொண்டுபோய், அதை உள்ளே இழுத்த பிறகு வலையை எடுங்கள். வக்யூம் இல்லையென்றால் வலைக்கு நேர் கீழே சவர்க்காரத் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு வலையைத் தட்டுங்கள், தானாக விழும். கொல்ல மனமில்லாதவர்கள் மூடியுள்ள வெறும் வாளியில் தட்டி, கரையில் மரஞ்செடி உள்ள இடத்தில் விடலாம். துறைப் பலகையிலோ தண்ணீரிலோ விட்டால் பக்கத்துப் படகுக்கோ உங்களுக்கோதான் திரும்பி வரும்.

வக்யூமுக்குள் போன சிலந்தி செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குப் போகுமுன் பையைக் கட்டி மரினாவின் குப்பைத் தொட்டியில் போடுங்கள். இல்லையென்றால் அது காரில் உங்களோடு வரும்.

ஓரிரவில் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. சில அன்று வேட்டைக்கு வந்திராது. இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி ஒரு சுற்றுப் போக வேண்டும். அந்த இரண்டாவது சுற்றைச் செய்யாமல் விடுபவர்கள்தான் ‘எல்லாம் செய்து பார்த்தேன், சரிவரவில்லை’ என்று சொல்பவர்கள்.

5. முட்டைப் பைகளைத் தேடுங்கள்

பஞ்சு உருண்டை மாதிரி, வெள்ளை அல்லது மஞ்சள் நூல் சுற்றிய பை. ஒவ்வொன்றிலும் முட்டைகள் குவியலாக இருக்கும். ஒரு பையை விட்டுவைத்தால் நேற்றிரவு எடுத்ததைவிடக் கூடுதலாகத் திரும்ப வரும்.

இதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். பக்கவாட்டு ரப்பர் பட்டையின் அடிப்பக்கம், துணிக் கூரை மடியும் இடம், இருக்கை மெத்தையின் அடி, படகு மோதாமல் தொங்கவிடும் பந்துகளின் கயிற்று முடிச்சு, கயிறு கட்டும் கொம்புகளின் அடி, நங்கூரப் பெட்டி, ஏணி மடியும் இடம். விரலால் தடவிப் பார்ப்பதைவிட ஒரு சின்னக் கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்ப்பது கெதியான வழி.

பையைத் துடைக்க வேண்டாம், பிய்ந்தால் முட்டை சிதறும். பழைய பிளாஸ்ரிக் அட்டையால் அடியோடு சுரண்டிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். தண்ணீரில் கொஞ்ச நேரம் அமுக்கி வைக்க வேண்டும், நூல் தண்ணீரைக் கெதியில் உள்ளே விடாது.

6. இப்போதுதான் கழுவ வேண்டும்

சிலந்தியும் முட்டையும் இருக்கும்போது கழுவினால் இரண்டு நாளில் மறுபடி அதே புள்ளிகள். அதனால்தான் இது 6ஆவது.

அந்தப் புள்ளி சிலந்தியின் எச்சம். அதில் குவானின் என்ற பொருள் அதிகம், அது வெறும் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. காய்ந்து வெயிலில் வெந்துவிட்டால் ஃபைபர்கிளாஸின் மேற்பூச்சில் கறையாகவே இறங்கிவிடும். புதிதாக இருக்கும்போது துணியாலேயே போகும், ஒரு மாதம் போனால் மெருகு மருந்து போட்டுத் தேய்க்க வேண்டிவரும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை கழுவுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

வரிசை இப்படி. காலையிலோ மாலையிலோ, தளம் சூடில்லாத நேரத்தில் தொடங்குங்கள். முதலில் முழுவதையும் தண்ணீரால் நனையுங்கள். காய்ந்த தளத்தில் தேய்த்தால் தூசியே அரத்தாள் மாதிரி கீறும். கரையிலிருந்து வரும் மின்கம்பி செருகியிருக்கும் இடத்தில் குழாயை நேரே அடிக்காதீர்கள். பிறகு கூரையிலிருந்து கீழே, மென்மையான பிரஷால், சவர்க்காரம் கொஞ்சமாக. இயற்கையானது என்று போத்தலில் போட்டிருந்தாலும் அது ஏரிக்குள்தான் போகிறது, மீனுக்குச் சவர்க்காரம் சவர்க்காரம்தான்.

போகாத புள்ளிகளுக்கு வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து, அதில் துவாயை நனைத்து, புள்ளிகளின் மேல் 10 முதல் 15 நிமிடம் விரித்து வையுங்கள். புளிப்பு அதை இளக்கும். அதன் பிறகு துடைத்தால் கையை வருத்தத் தேவையில்லை. நிறைய தண்ணீர் விட்டு அலசி விடுங்கள். அலுமினியக் கம்பியில் வினாகிரியை ஊற விட வேண்டாம்.

கவனமாக இருக்க வேண்டிய மூன்று இடங்கள்:

வளையக்கூடிய கண்ணாடி ஜன்னல். அது கண்ணாடி இல்லை, மெல்லிய பிளாஸ்ரிக். வீட்டு ஜன்னல் துடைக்கும் அமோனியா திரவம் பட்டால் நாளடைவில் பால்போல மங்கிவிடும். தண்ணீர், சொட்டுச் சவர்க்காரம், மைக்ரோஃபைபர் துணி, வேறொன்றும் வேண்டாம்.

துணிக் கூரை. உயரழுத்தத் தண்ணீர் இயந்திரத்தைக் கிட்டப் பிடித்தால் துணியின் நீர்காப்பும் தையலும் போய்விடும். சாதாரணக் குழாய் போதும்.

பிளீச். சிலர் கறை வெளுக்க வேண்டுமென்று வினாகிரியோடு பிளீச்சையும் ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைச் சுடும். அமோனியாவோடும் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது. படகின் உள்ளறை மாதிரி மூடிய இடத்தில் இது விளையாட்டில்லை.

7. மெழுகு பூசுங்கள், ஆனால் நடக்கும் இடத்தில் வேண்டாம்

மெழுகு சிலந்தியைத் துரத்தாது. வழுக்கும் பரப்பில் நூல் ஒட்டாது என்று சொல்வார்கள், நான் பார்த்தவரையில் சிலந்திக்கு அது பெரிய தடையில்லை. மெழுகு பூசுவது வேறு காரணத்துக்கு: எச்சம் மேற்பூச்சின் நுண்துளைகளில் இறங்காமல் மேலேயே நிற்கும், அடுத்த கிழமை தண்ணீரோடு வந்துவிடும். கழுவும் நேரம் பாதிக்கு மேல் மிச்சம்.

நன்றாகக் காய்ந்த பிறகு, நிழலில், சிறு சிறு பகுதியாகப் பூசித் துடையுங்கள். நடப்பதற்காகச் சொரசொரப்பாக விட்டிருக்கும் தளத்தில் மட்டும் மெழுகு படக்கூடாது. ஈரக் காலோடு ஏறும் முதல் ஆள் விழுவார்.

8. ஏறும் வழிகளும் இடுக்குகளும்

கயிற்றில் கூம்பு மாட்டுங்கள், வாசலின் பூசுங்கள் என்று துறையில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். எலிக்குச் செய்வதைச் சிலந்திக்குச் செய்கிறார்கள். சிலந்திக் குஞ்சுகள் நூலைக் காற்றில் விட்டுப் பறந்து வந்து இறங்கும், பெரியவை பக்கத்துத் தூணிலிருந்து நூல் எறிந்து பாலம் போடும். கயிற்றை எவ்வளவு காவல் காத்தாலும் வானத்தை அடைக்க முடியாது.

மீன்பிடிச் சிலந்தி வேறு. அது நடந்துதான் ஏறும். துறைக்கும் படகுக்கும் நடுவில் தேவையில்லாமல் தொங்கும் கயிறு, பலகையில் சுருட்டிப் போட்ட ஈரக் கயிறு, மறந்துபோன துவாய், இவற்றை எடுத்துவிட்டால் பெருமளவு குறையும். கரையோரச் செடிகொடி கம்பியில் உரசினால் மரினாவிடம் சொல்லி வெட்டச் சொல்லுங்கள்.

அடுத்து உள்ளறை. ஜன்னல்களுக்கும் மேல்மூடிக்கும் பூச்சி வலை போடுங்கள், கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால் மாற்றுங்கள், கூரைத் துணியின் சிப்பைக் கடைசிவரை இழுத்து மூடுங்கள். மூடுமுன் உள்ளே ஒருமுறை பாருங்கள், இல்லையென்றால் சிலந்தியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

ஆனால் எல்லாத் துளையையும் அடைக்கலாமா? கூடாது. இந்த இடத்தில்தான் சிலந்திப் பிரச்சினை உயிர்ப் பிரச்சினையாக மாறும்.

பெற்றோல் இயந்திரம் உள்ள படகில், இயந்திர அறைக்குக் காற்று போகும் துளைகளையும் ஆவியை வெளியே தள்ளும் விசிறியின் வாயையும் ஒருபோதும் அடைக்காதீர்கள், ரேப் ஒட்டாதீர்கள், நெருக்கமான வலையும் போடாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தங்கும், ஒரு பொறி போதும். கனடாவில் இயந்திரத்தை இயக்குமுன் குறைந்தது 4 நிமிடம் அந்த விசிறியை ஓடவிடச் சொல்வது இதனால்தான்.

எரிபொருள் தாங்கியின் காற்றுத் துளையையும் மூடக் கூடாது. மாறாக, அதில் சிலந்தி நூல் அடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது வீண் பயம் இல்லை. 2011இல் அமெரிக்காவில் மஸ்டா நிறுவனம் ஆயிரக்கணக்கான மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், ஒரு மஞ்சள் சிலந்தி எரிபொருள் தொகுதியின் காற்றுக் குழாயில் வலை கட்டியதுதான். காரில் நடந்தது படகிலும் நடக்கலாம்.

9. புதினா எண்ணெயும் மற்றக் கைவைத்தியமும்

இதில் கேள்விப்படுவதற்கு அளவில்லை. புதினா எண்ணெய், எலுமிச்சை, செஸ்நட் கொட்டை, துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாள், காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் பெட்டி.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தார் இவற்றில் மூன்றைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். எலுமிச்சை எண்ணெயைச் சிலந்திகள் பொருட்படுத்தவில்லை. புதினா எண்ணெயும் செஸ்நட்டும் சில இனங்களை விலக வைத்தன. ஆய்வுகூடத்தில் விலகுவதும், காற்றும் மழையும் அடிக்கும் கைப்பிடிக் கம்பியில் விலகுவதும் ஒன்றல்ல. புதினாவை உள்ளறை, மெத்தைப் பெட்டி மாதிரி மூடிய இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே வாசனை நிற்கும்.

அரை லீற்றர் தண்ணீரில் 10, 15 துளி, ஒரு சொட்டுச் சவர்க்காரம். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால் சவர்க்காரம், அடிக்குமுன் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பிளாஸ்ரிக் ஜன்னலில் படவிடாதீர்கள், துணியில் ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டு அடியுங்கள். படகுக்குப் பூனை கூட்டி வருபவர்கள் இதையே தவிர்ப்பது நல்லது.

ஒலிப் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தப் பெட்டியின் மேலேயே வலை கட்டியிருப்பதைப் பார்த்தவர்கள் இந்தத் துறைகளில் உண்டு.

10. பூச்சிகொல்லி, கடைசியாக

கடையில் சிலந்திக்கென்று விற்கும் ஸ்பிரேக்களில் பெர்மெத்ரின் வகை மருந்துகள் பொதுவாக இருக்கும். இவை மீனுக்கும் தண்ணீரில் வாழும் சிறு உயிர்களுக்கும் மிகக் கொடிய நஞ்சு. பூனைக்கும் அப்படியே. துறையில் நிற்கும் படகின் வெளிப்பக்கத்தில் அடித்தால் அடுத்த மழையில் அது ஏரிக்குள். அதே ஏரித் தண்ணீரைத்தான் ரொறன்ரோ குடிக்கிறது.

பலனும் நீங்கள் நினைக்கும் அளவு இல்லை. எறும்பும் கரப்பானும் நஞ்சு பூசிய பரப்பில் ஊர்ந்து திரியும், பிறகு கால்களைச் சுத்தம் செய்யும்போது விழுங்கவும் செய்யும். சிலந்தி கால் நுனியில் நிற்கிறது, பெரும்பாலான நேரம் தன் நூலில் இருக்கிறது. காய்ந்த மருந்து அதன் உடம்பில் படுவது குறைவு.

பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், படகு கரையில் ஏற்றி நிற்கும்போது, உள்ளறை இடுக்குகளில் மட்டும். போத்தலில் கனடாவின் பூச்சிகொல்லிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். லேபலில் எந்த இடத்துக்கு என்று எழுதியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் அடிக்கலாம், மீறுவது சட்டப்படி குற்றம். அந்த எண் இல்லாமல் எல்லைக்கு அப்பாலிருந்து வாங்கி வந்த போத்தலைப் பயன்படுத்த வேண்டாம்.

11. கிழமைக்கு ஒருமுறை

முதல் சுற்று முடிந்த பிறகு வேலை சிறிது. வந்தவுடன் கம்பிகளை ஒரு ஈரத்துணியால் துடைப்பது, புள்ளிகளைக் கழுவுவது, ரப்பர் பட்டையின் அடியைப் பார்ப்பது. மாதத்துக்கு ஒரு இரவு லைட்டோடு ஒரு சுற்று. ஓகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பரிலும் பெண் சிலந்திகள் பெருத்து நிற்கும், அப்போது கிழமைக்கு ஒரு இரவு போங்கள்.

இன்னொன்று, படகை ஓட்டுங்கள். கிழமைதோறும் ஏரிக்குள் போய்வரும் படகில் காற்றும் அதிர்வும் வலையை நிற்கவிடாது. பருவம் முழுக்கக் கட்டியே வைத்திருக்கும் படகுதான் சிலந்திக்குப் பிடித்த வீடு. அதற்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவர்களுக்கு என் அனுதாபம்.

12. ஒக்டோபரிலும் மேயிலும்

ஒக்டோபரில் படகைக் கரையேற்றி பிளாஸ்ரிக் உறை சுற்றுமுன் 5ஆம் படியை முழுவதும் ஒருமுறை செய்யுங்கள். குளிரில் எல்லாம் செத்துவிடும் என்று விடுவார்கள். இடுக்குகளில் பதுங்கியவையும் பைக்குள் இருக்கும் முட்டைகளும் குளிரைத் தாண்டும், உறை அவற்றுக்குக் காற்றுமறைப்பு. மெத்தைகளையும் துணிக் கூரையையும் வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் வெளியில் உதறி, மடிப்புகளை வக்யூம் செய்து, பையில் கட்டுங்கள். வீட்டு நிலவறைக்குள் போய்க் குஞ்சு பொரித்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மே மாதம் தண்ணீரில் இறக்குமுன் துளைகளைச் சோதியுங்கள்: எரிபொருள் தாங்கியின் காற்றுத் துளை, இயந்திர அறைத் துளைகள், ஹோர்ன், காற்றின் வேகம் காட்டும் கிண்ணங்கள், பாய்மர உச்சி விளக்கு.

கைப்பிடியில் பொருத்திய காஸ் பார்பிக்யூ இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். பேர்னருக்குக் காஸ் போகும் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டுவது சாதாரணம். வலை அடைத்தால் காஸ் பேர்னருக்குப் போகாமல் பின்னால் கசிந்து, காஸைத் திருகும் குமிழுக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும். சிலிண்டரைக் கழற்றிவிட்டு, பேர்னரை வெளியே எடுத்து, குழாய் பிரஷை உள்ளே விட்டு இருபக்கமும் ஒளி தெரியும்வரை இழுங்கள். முதல்முறை பற்றவைக்கும்போது மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பற்றவையுங்கள், சுவாலை நீலமாக எரிகிறதா என்று பாருங்கள். மஞ்சளாக எரிந்தால் அணைத்துவிட்டு மறுபடி பிரஷ் போட வேண்டும்.